திரும்பிப் போன சம்பளம் யார் கையில் இருக்கிறது?

(தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கும் மாதர் பிரிவுத் தலைவிமாருக்கும் நடந்த ஞாயிறு வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய வகுப்பில் சம்பள உயர்வைப் பற்றிப் பேசப் போவதில்லை. ஏற்கனவே உழைத்து முடித்த சம்பளம் கைக்கு வந்து சேராமல் போவதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

முன்பெல்லாம் சம்பள நாளில் காரியாலயத்துக்கு முன்னால் வரிசையில் நின்று, பெயர் கூப்பிட்டதும் கையெழுத்து வைத்துக் காசை எண்ணி வாங்கினோம். ஐந்து ரூபாய் குறைந்தாலும் அந்த இடத்திலேயே கேட்டோம். இப்போது பல தோட்டங்களில் சம்பளம் வங்கிக்குப் போகிறது. அதில் நன்மை உண்டு. சம்பள நாளன்று காசோடு மலையேறும் பயம் இல்லை, கையில் வாங்கியதும் கடைக்காரர் பிடுங்கிக்கொள்வதும் குறைவு. ஆனால் காசு வராவிட்டால் யாரிடம் கேட்பது என்பது பலருக்குத் தெரியவில்லை. காரியாலயத்தில் கேட்டால், "நாங்கள் அனுப்பிவிட்டோம், பேங்கில் போய்க் கேள்" என்கிறார்கள். வங்கியில் கேட்டால், "எங்களுக்கு எதுவும் வரவில்லை, தோட்டத்தில் போய்க் கேள்" என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் நமது பஸ் காசும் ஒரு நாள் பேரும் போகின்றன.

நமக்குத் தெரிந்த கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவருக்கு இரண்டு மாதம் இப்படித்தான் நடந்தது. முதல் மாதம் மூன்று தடவை டவுனுக்குப் போய் ஏடிஎம் இயந்திரத்தில் அட்டையைப் போட்டுப் பார்த்தார். காசு இல்லை. அட்டைதான் பழுது என்று நினைத்துக்கொண்டு, காதில் கிடந்த தோட்டை அடகு வைத்தார். இரண்டாவது மாதமும் விழவில்லை. அவருடைய மகள் நமது வகுப்பில் படிக்கிற பிள்ளை. வங்கிப் புத்தகத்தைப் புத்தகப் பைக்குள் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வந்து, "சேர், இதில் அம்மாவின் சம்பளம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டது. அதற்குப் பிறகுதான் நாங்கள் காரியாலயத்துக்குப் போய் விசாரித்தோம். இரண்டு மாதச் சம்பளமும் அனுப்பப்பட்டது உண்மை. இரண்டும் திரும்பி வந்ததும் உண்மை. புதிய கம்பியூட்டரில் பெயர்ப் பட்டியலை ஏற்றியபோது கணக்கு எண்ணின் முன்னால் இருந்த பூஜ்ஜியம் விடுபட்டிருந்தது. பணம் அவ்வளவு நாளும் கம்பனியின் கணக்கிலேயே கிடந்தது. திரும்பி வந்த செய்தி கொழும்புக்குத் தெரியும். அக்காவுக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

இதிலிருந்து நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்றுதான். திரும்பிப் போன பணம் காணாமல் போன பணம் அல்ல. அது அனுப்பியவரிடமே போய்ச் சேர்ந்திருக்கிறது. எந்த நாளில் திரும்பியது, என்ன காரணத்தால் திரும்பியது என்ற விபரமும் அதோடு போகிறது. அந்த நாளையும் காரணத்தையும் கேட்டு வாங்க நாம் பழக வேண்டும்.

பணம் போகும் வழி

தோட்டத்திலிருந்தோ கொழும்புத் தலைமைக் காரியாலயத்திலிருந்தோ சம்பளப் பட்டியல் ஒரு கோப்பாக கம்பனியின் வங்கிக்குப் போகிறது. அந்தப் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. பெயர், வங்கி எண், கிளை எண், கணக்கு எண், தொகை ஆகியவை அந்த வரியில் இருக்கும். வங்கி எண் நான்கு இலக்கம். இலங்கை வங்கிக்கு 7010, மக்கள் வங்கிக்கு 7135, ஹட்டன் நஷனல் வங்கிக்கு 7083, தேசிய சேமிப்பு வங்கிக்கு 7719. கிளை எண் மூன்று இலக்கம்.

கம்பனியின் வங்கியும் நமது வங்கியும் வேறு வேறு என்றால், இந்த வரிகள் ஸ்லிப்ஸ் என்ற முறையின் ஊடாகப் போகின்றன. நாட்டின் எல்லா வங்கிகளையும் இணைக்கும் இந்த வேலையை லங்காபே நிறுவனம் நடத்துகிறது. முன்பு இதன் பெயர் லங்காகிளியர். அங்கே வரிகள் வங்கி வாரியாகப் பிரிக்கப்பட்டு, அந்தந்த வங்கிக்கு அனுப்பப்படுகின்றன. நமது வங்கி கணக்கு எண்ணைத் தேடிப் பார்த்து, இருந்தால் வரவு வைக்கும். வைக்க முடியாவிட்டால் காரணத்துக்கான ஒரு குறியீட்டைப் போட்டு, வந்த வழியே திருப்பி அனுப்பும்.

இது நமக்குப் புதிய விஷயம் அல்ல. லயத்துக்கு வரும் கடிதத்தை நினைத்துப் பாருங்கள். நம்மில் பலருக்கு வீட்டு இலக்கம் இல்லை, தெருப் பெயர் இல்லை. தோட்டத்தின் பெயரும் டிவிசனின் பெயரும்தான் முகவரி. அதில் ஒன்று பிழைத்தாலும் கடிதம் வேறு எங்கோ கிடக்கும், அல்லது அனுப்பியவருக்கே திரும்பும். வங்கிப் பணமும் அப்படித்தான். ஒரு வித்தியாசம் உண்டு. கடிதத்தைத் தபால்காரர் ஆளைத் தெரிந்து கொடுத்துவிடுவார். கம்பியூட்டருக்கு ஆளைத் தெரியாது, எண்ணை மட்டும்தான் தெரியும்.

ஸ்லிப்ஸ் வங்கி வேலை நாட்களில்தான் நடக்கும். சனி, ஞாயிறு, போயா, வங்கி விடுமுறை நாட்களில் நடக்காது. எனவே 10ஆம் திகதி போயாவில் விழுந்தால், ஒரு நாள் பிந்துவதை வைத்துப் பணம் திரும்பிவிட்டது என்று பதற வேண்டாம். 2015ஆம் ஆண்டு தொடங்கிய செஃப்ட்ஸ் என்ற இன்னொரு முறையும் இருக்கிறது. அது எந்த நாளிலும் உடனுக்குடன் போகும். சம்பளம் திரும்பி வந்தால், அடுத்த மாதப் பட்டியல் வரை காத்திருக்காமல் இந்த வழியில் அன்றே மறுபடி அனுப்பலாம். இதை நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

ஏன் திரும்புகிறது?

முதல் காரணம் கணக்கு எண் பிழை. வங்கிக்கு வங்கி இலக்கங்களின் எண்ணிக்கை மாறும். மக்கள் வங்கியில் 15 இலக்கம். சில வங்கிகளின் எண் பூஜ்ஜியத்தில் தொடங்கும். எக்செல் பட்டியலில் எண்ணை அப்படியே அடித்தால் முன்னால் உள்ள பூஜ்ஜியத்தை அது விழுங்கிவிடும். எண் நீளமாக இருந்தால் நடுவில் ஒரு புள்ளியும் பின்னால் ஈ என்ற ஆங்கில எழுத்தும் வருகிற மாதிரிச் சுருக்கிக் காட்டும். இது தொழிலாளி செய்த பிழை அல்ல. பட்டியலை ஏற்றுகிற கிளாக்கர் அந்தப் பகுதியை எழுத்து என்று மாற்றிவிட்டு அடித்தால் சரியாகிவிடும். இதை அவரிடம் சண்டை போடாமல் சொல்லிக் கொடுக்கலாம். அவருக்கும் இது தெரியாமல் இருக்கலாம்.

நமது பக்கத்துப் பிழையும் உண்டு. கணக்கு எண் கேட்டால் சிலர் ஏடிஎம் அட்டையின் முன்பக்கம் உள்ள 16 இலக்கத்தைப் பார்த்து எழுதிக் கொடுக்கிறார்கள். அது அட்டையின் எண், கணக்கு எண் அல்ல. அட்டை மாறினால் அந்த எண்ணும் மாறும். அதை யாருக்கும் எழுதிக் கொடுக்கவும் கூடாது. வேறு சிலர் கடன் கணக்கின் எண்ணையோ நிலையான வைப்பின் எண்ணையோ கொடுத்துவிடுகிறார்கள். சேமிப்புப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருக்கும் எண்தான் சரியான எண்.

இரண்டாவது காரணம் கிளை. கணக்குத் திறந்தது ஹட்டனில். இப்போது காசு எடுப்பது கொட்டகலையில். கேட்டால் கொட்டகலை என்கிறோம். காசு எங்கே எடுத்தாலும், கணக்கு உள்ள கிளை எது என்று புத்தகத்தில் அச்சிட்டிருக்கும். அந்தக் கிளையைத்தான் எழுத வேண்டும்.

மூன்றாவது காரணம் உறங்கும் கணக்கும் மூடிய கணக்கும். ஒரு கொடுப்பனவுக்காக ஒரு கணக்கு, நகைக் கடனுக்காக இன்னொன்று, அஸ்வெசுமவுக்காக மற்றொன்று என்று சிலரிடம் மூன்று புத்தகம் இருக்கிறது. நெடுநாள் போடல் எடுத்தல் இல்லாத கணக்கை வங்கி செயலற்ற கணக்காக ஒதுக்கி வைக்கும். அதற்கான கால அளவு வங்கிக்கு வங்கி வேறுபடும். பத்து ஆண்டுகள் தொடாமல் கிடந்தால் அந்தப் பணம் மத்திய வங்கிக்கு மாற்றப்படும். உரியவர் பின்னால் கேட்டுப் பெறலாம் என்றாலும் அலைச்சல் அதிகம். செயலற்ற கணக்கை எழுப்ப, அடையாள அட்டையோடு கிளைக்குப் போய்க் கையெழுத்திட வேண்டும். வங்கி கடிதம் அனுப்பியிருக்கும். அந்தக் கடிதம் காரியாலய மேசையிலோ வேறு டிவிசனிலோ கிடக்கும். முகவரி இல்லாத குறை நம்மை இங்கேயும் வந்து பிடிக்கிறது. வீட்டு முகவரிக்காக நாம் கேட்டு வரும் கோரிக்கை கடிதத்தோடு முடிகிற விஷயம் அல்ல.

நான்காவது காரணம் பெயரும் அடையாள அட்டை எண்ணும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், செக்ரோலில் இன்னொரு பெயர், அடையாள அட்டையில் மூன்றாவது பெயர். லட்சுமி என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். சில இடங்களில் தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னால், சில இடங்களில் கணவன் பெயர் பின்னால். பெயரைப் பார்த்துச் சரி பிடிக்கும் கொடுப்பனவுகளில் இதனால் தடை வருகிறது.

அட்டை எண்ணும் அப்படித்தான். பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். புதியதில் 12 இலக்கம். வங்கியில் பழைய எண்ணும் வேறு இடத்தில் புதிய எண்ணும் இருந்தால் இரண்டு வேறு ஆட்கள் போலத் தெரியும். உண்மையில் ஒரே எண்தான். பழைய எண்ணின் முன்னால் 19 சேர்த்து, அதன் ஐந்தாவது இலக்கத்துக்குப் பின்னால் ஒரு பூஜ்ஜியம் நுழைத்து, கடைசி எழுத்தை விட்டால் புதிய எண் வந்துவிடும். எட்டாம் வகுப்புப் பிள்ளையே இதைச் சரி பார்த்துக் கொடுக்கும். ஆனாலும் வங்கியில் ஒரு தடவை புதிய எண்ணைப் பதிந்துகொள்வதுதான் பாதுகாப்பு.

திரும்பாமல் போகும் பணம்

திரும்புவதை விட மோசமான ஒன்று உண்டு. எண் பிழையாக இருந்து, அந்தப் பிழையான எண்ணிலும் உண்மையாகவே ஒருவருக்குக் கணக்கு இருந்தால் பணம் திரும்பாமல் அவருக்குப் போய்விடலாம். வரவு வைப்பது பல வேளைகளில் எண்ணை வைத்துத்தான். பெயர் நம்மைக் காப்பாற்றும் என்று நம்பி இருக்க முடியாது. போன பணத்தை அந்த ஆளின் கணக்கிலிருந்து வங்கி தன் இஷ்டத்துக்கு எடுத்துவிடவும் முடியாது. அதனால்தான் எண்ணைக் கொடுக்கும்போதே கவனம் வேண்டும் என்கிறோம். வாயால் சொல்லாதீர்கள், துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுக்காதீர்கள். புத்தகத்தின் முதல் பக்கத்தைப் போட்டோக் கொப்பி எடுத்துக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக உங்கள் கொப்பியில் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள். பிழை யாருடையது என்ற கேள்வி வந்தால் அந்தக் கொப்பிதான் சாட்சி.

"விழவில்லை" என்று ஒருவர் வந்து சொன்னால் உடனே காரியாலயத்துக்கு ஓடவும் வேண்டாம். முதலில் புத்தகத்தைப் பதிந்து பாருங்கள். பணம் வந்தும் கடன் தவணைக்காக வங்கி கழித்திருக்கலாம். பணம் வந்தும் அட்டை காலாவதியாகியிருக்கலாம். கைத்தொலைபேசி எண் மாறியதால் குறுஞ்செய்தி வராமல் இருக்கலாம். இவை ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. புத்தகத்தில் அந்த மாத வரவு இல்லை என்றால் மட்டுமே, ஒன்று அனுப்பப்படவில்லை, அல்லது திரும்பிப் போயிருக்கிறது, அல்லது வேறு கணக்குக்குப் போயிருக்கிறது. மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியது நிர்வாகம்தான்.

யார் பொறுப்பு?

சம்பள நிர்ணயச் சபைக் கட்டளைச் சட்டப்படி மாதச் சம்பளம், மாதம் முடிந்து 10 நாட்களுக்குள் கொடுக்கப்பட வேண்டும். பணம் திரும்பி வந்து கம்பனிக் கணக்கில் கிடந்தால் சம்பளம் கொடுபடவில்லை என்பதுதான் நமது நிலைப்பாடு. சம்பளச் சீட்டில் தொகை அச்சாகியிருப்பது வேறு, காசு கைக்கு வருவது வேறு. "உன் எண் பிழை" என்று சொல்லலாம். அப்படியே இருந்தாலும் கடன் தீர்ந்துவிடாது. எண்ணைத் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும்.

ஓய்வு பெறுகிறவர்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி வேலையிலிருந்து நின்று 30 நாட்களுக்குள் பணிக்கொடை கிடைக்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு நமது சம்பளத்தில் நூற்றுக்கு 8, நிர்வாகம் 12 என்று ஆயுள் முழுக்கச் சேர்கிறது. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அதை எடுக்கலாம். அந்தப் பணமும் வங்கிக் கணக்குக்குத்தான் வருகிறது. முப்பது வருடம் முதுகில் கூடை சுமந்தவரின் பணம் ஓர் எழுத்து மாறியதற்காக நிற்கக் கூடாது. 45 வயதிலேயே பெயரையும் அட்டை எண்ணையும் சரி பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி மாதத்தில் பிறப்புச் சான்றிதழ் தேடி அலைய வேண்டி வராது.

நிர்வாகத்திடம் நாம் கேட்பது

ஒன்று, சம்பளம் திரும்பினால் நிர்வாகத்துக்குத் தெரிந்த மறுநாளே உரியவருக்குத் தெரிவிக்க வேண்டும். பிரட்டில் வைத்துத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம். விளம்பரப் பலகையில் கணக்கு எண்ணோடு பெயரை ஒட்டக் கூடாது.

இரண்டு, திரும்பிய திகதியையும் காரணத்தையும் எழுத்தில், தமிழில் கொடுக்க வேண்டும்.

மூன்று, எண்ணைத் திருத்தியதும் செஃப்ட்ஸ் மூலமோ காசாகவோ உடனே கொடுக்க வேண்டும். "அடுத்த மாதத்தோடு சேர்த்து" என்ற பேச்சை ஏற்க முடியாது. கடைக்காரர் அடுத்த மாதம் வரை காத்திருப்பதில்லை.

நான்கு, பட்டியலைப் புதிதாக ஏற்றும் ஒவ்வொரு முறையும் அவரவர் எண்ணை அவரவரிடம் காட்டிச் சரி பார்க்க வேண்டும்.

இவற்றை மறுத்தால் திகதியோடு எழுதிக் கொடுங்கள், கொப்பி வைத்திருங்கள். அதற்கும் பதில் இல்லாவிட்டால் சங்கம் தொழில் காரியாலயத்தில் முறைப்பாடு செய்யும். பிழை வங்கியின் பக்கம் இருந்து, கிளை முகாமையாளரும் தீர்க்காவிட்டால், மத்திய வங்கியின் நிதியியல் வாடிக்கையாளர் தொடர்புகள் திணைக்களத்துக்கு 1935 என்ற எண்ணில் சொல்லலாம்.

ஓர் எச்சரிக்கை. "உங்கள் பணம் திரும்பிவிட்டது, மறுபடி போட உங்கள் போனுக்கு வரும் இலக்கத்தைச் சொல்லுங்கள்" என்று யாராவது போனில் கேட்டால் அது திருட்டு. பணம் அனுப்பக் கணக்கு எண் போதும். அட்டையின் இரகசிய இலக்கமோ, குறுஞ்செய்தியில் வரும் இலக்கமோ எந்தக் காரியாலயத்துக்கும் எந்த வங்கிக்கும் தேவையில்லை.

அடுத்த 10ஆம் திகதிக்கு முன்

தலைவர்மாரும் தலைவிமாரும் தத்தமது லயத்தில் பத்துக் குடும்பங்களைப் பொறுப்பெடுங்கள். காரியாலயத்திலிருந்து அவரவர் கணக்கு எண் எப்படிப் பதிந்திருக்கிறது என்று அவரவரே எழுதி வாங்கட்டும். ஒரு மாலை நேரம் உட்கார்ந்து, ஒருவர் அந்தத் துண்டை வாசிக்க, மற்றவர் புத்தகத்தின் முதல் பக்கத்தில் விரல் வைத்துப் பார்க்கட்டும். இலக்கம் இலக்கமாக வாசியுங்கள். பூஜ்ஜியத்தையும் விடாமல் சொல்லுங்கள். எழுத வாசிக்க முடியாதவர்களுக்குப் பிள்ளைகள் உதவட்டும். ஆனால் புத்தகம் உரியவர் கையிலேயே இருக்கட்டும்.

நாங்கள் சொன்ன அக்காவின் சம்பளம் மூன்றாவது மாதம் ஒன்றாகச் சேர்ந்து விழுந்தது. அடகுக்கு வட்டி கட்டியது அவர்தான், நிர்வாகம் அல்ல. தோடு இப்போது திரும்பக் காதில் இருக்கிறது. சென்ற வாரம் அவர் தன் லயத்தில் நான்கு பேரின் புத்தகத்தைச் சரி பார்த்துக் கொடுத்தார். அதில் ஒன்றில் கிளை எண் பிழையாக இருந்தது. சம்பளத்துக்கு முன்னமே திருத்தியாகிவிட்டது.

அந்த வேலையைத்தான் உங்களிடமும் கேட்கிறோம்.